பலகாரம் சாப்பிட்ட அயல்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் வெறும் நிலமொன்று கிடந்தது. அந்தப் பக்கத்தில் காருக்குப் பெற்றோல் அடிக்க ஊரின் மறுகரைக்கு ஓட வேண்டும். அங்கே சின்னதாக ஒரு பெற்றோல் செட் போடலாம் என்று சொன்னவர், என்னோடு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த மன்னார் அண்ணை. நிலத்தை அவர் வாங்குவார், செட்டை நான் நடத்துவேன். யாழ்ப்பாணத்தில் மாமாவின் செட்டில் நின்றவன் என்பதால் தொழில் எனக்குத் தெரியும்.

எனக்கு அதில் வேறொரு கணக்கும் இருந்தது. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களை அழைக்கப் போட்ட விண்ணப்பம் கோபன்ஹேகனில் எங்கோ உறங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் தமிழர் எல்லோருடைய விண்ணப்பமும் உறங்கியது. ஏன் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொந்தத் தொழில் உள்ளவனை மறுக்கமாட்டார்கள் என்று எங்களுக்குள் ஒரு கதை உலவியது. எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ, நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கொம்யூனுக்குப் போனோம். இங்கே நகரசபைக்கு அதுதான் பெயர். அங்கிருந்த பெண் கோப்பி தந்து உபசரித்துவிட்டு, அந்த நிலம் வீடுகளுக்கென்று ஒதுக்கப்பட்டது, செட் போடுவதானால் ஊர்த் திட்டத்தையே மாற்ற வேண்டும், அதற்கு முன் அயலவரைக் கூட்டி அபிப்பிராயம் கேட்போம் என்றார். அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது.

"அயல்தானே தம்பி, அதை நான் பாக்கிறன்" என்றார்.

அண்ணையின் மனைவி பற்றிஸும் றோல்ஸும் வடையும் பொரித்துக் குவித்தார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு, கோட்டும் டையுமாக, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினோம். சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டுவது இந்த நாட்டில் வழக்கமில்லை. ஆனாலும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நிலத்துக்கு நேரெதிரே இருந்த கிழவர் வாசலில் நின்றபடியே வடையைத் தின்று முடித்தார். பக்கத்து வீட்டு ஆசிரியை எங்களை உள்ளே இருத்தி, பற்றிஸ் எப்படிச் செய்வது என்று கேட்டார். செட் போடுகிற விஷயத்தைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுக் காரியத்தை விரும்பாதவர் அந்த வீட்டுப் பலகாரத்தைத் தொடமாட்டார். வயிறு சரியில்லை என்பார், விரதம் என்பார். அதிலிருந்தே விஷயம் விளங்கிவிடும். வாங்கிச் சாப்பிட்டால் பிறகு குறுக்கே நிற்கமாட்டார். இங்கே ஒருவரும் தட்டைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தக் கிழமையே, கொழும்பு வழியாக ஊருக்குப் போன ஒருவரிடம் மனைவிக்குச் சொல்லியனுப்பினேன்: அயலெல்லாம் ஓம் எண்டிட்டுது, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிடு.

அவள் வீட்டைப் பூட்டி, சோதனைச் சாவடியெல்லாம் தாண்டி, விசாவுக்குக் காத்திருக்கக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்கு வந்து சேர்ந்தாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். முதலில் எழுந்தவர் ஆசிரியை. பிள்ளைகள் அந்த வழியால்தான் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறார்கள், கார்கள் கூடினால் ஆபத்து, செட் வேண்டாம் என்றார். பெற்றோல் கசிந்து மண் கெட்டுப்போகும் என்றார் கிழவர். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். நாங்கள் ஏறிய வீடுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. ஒருவராவது எங்களைத் திட்டியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். எனக்கும் ஒரு பிள்ளைக்காகத்தான் அந்தச் செட் வேண்டும் என்று எழுந்து சொல்ல நினைத்தேன். என் டேனிஷ் அவ்வளவு தூரம் போகாது.

கூட்டம் கலைந்ததும் ஆசிரியை வந்து கை குலுக்கினார். உங்கள் மீது எங்களுக்கு எதுவும் இல்லை, அந்தப் பற்றிஸ் அருமை என்றார். உண்மையைத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

காருக்குள் ஏறியும் அண்ணை சாவியைத் திருப்பவில்லை. "சாப்பிட்டவை எல்லே, தம்பி" என்றார்.

கொம்யூனும் கைவிரித்துவிட்டது. குடும்பத்தை அழைக்க நாங்கள் போட்ட விண்ணப்பங்களை அரசின் மேலிடத்தில் வேண்டுமென்றே முடக்கி வைத்திருந்தார்கள் என்பது பிற்காலத்தில் நாடே கதைத்த கதை. செட் கிடைத்திருந்தாலும் ஒன்றும் நடந்திராது. தொழிற்சாலைக் கன்ரீனில் வானொலியில் அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது. கொழும்புக்குப் போன் எடுத்து, செட் சரிவராது என்றேன்.

"எல்லாரும் ஓம் எண்டவை எண்டுதானே சொல்லிவிட்டனீங்கள்" என்றாள் மனைவி. "அப்ப நாங்கள் இஞ்சை இருக்கிறதோ, திரும்பிப் போறதோ?" பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கோ என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

"அப்பா, செட் திறந்தாச்சோ?"

இல்லை அம்மா என்றேன்.

"அப்ப நாளைக்கோ?"