திரைக்கு வெள்ளையடித்த அண்ணி

அண்ணியைப் புகழ்ந்து ஒரு நாத்தனார் பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டாம். நானும் இவரை எனக்குப் பிடிக்கவே கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அண்ணனுக்குக் கல்யாணமான முதல் வாரமே, "எனக்குச் சாயங்காலம் வேலை. சமையல் முடிச்சு வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி தியேட்டருக்குக் கிளம்பிப் போனார். அங்கே டிக்கெட் கொடுக்கிற வேலை. எங்கள் அம்மா வாயடைத்துப் போய் நின்றார். அம்மாவின் வாயை அடைக்க ஓர் ஆள் பிறந்திருக்கிறாரே என்று என் முடிவு அன்றைக்கே ஆட்டம் கண்டுவிட்டது.

அந்தத் தியேட்டரை முதலில் நாடகம் போடத்தான் கட்டினார்களாம். பிறகு சினிமா வந்தது. மேடையை இடிக்க மனமில்லாமல் அதற்கு முன்னால் ஒரு திரையைக் கட்டிச் சமாளித்துக்கொண்டார்கள். மாடிப்படிக்குப் பித்தளைக் கைப்பிடி. சுவரெல்லாம் சுண்ணாம்பில் செய்த தேவதைகள், பாதிப் பேருக்கு மூக்கு கிடையாது. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒரு கை மட்டும் நுழைகிற பொந்து. அந்தப் பொந்துக்குப் பின்னால் அண்ணி கொடி கட்டிப் பறந்தார். முகத்தைப் பார்க்காமல், நீட்டுகிற கையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, "நேத்துதானே பார்த்தீங்க, மறுபடியுமா?" என்று கேட்பார். வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தவர்களுக்கு அவரைக் கண்டாலே பயம்.

முதலாளி காலமானதும் தியேட்டருக்குப் பூட்டு விழுந்தது. படம் ஓட்டும் ஆபரேட்டர் ரேடியோ ரிப்பேர் கடை போட்டுக்கொண்டார். அண்ணி மட்டும் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். தினமும் போவார். ஜன்னல்களைத் திறந்துவிடுவார், புறாக்களை விரட்டுவார், நாற்காலிகளைத் தட்டிப் போடுவார், கூரையில் ஒழுகுகிற இடத்துக்குத் தார் பூசுவார். யாரும் செய்யச் சொல்லவில்லை.

"நம்ம வீட்டுலயும் ஒழுகுது" என்பான் அண்ணன்.

"நம்ம வீட்டுல நீங்க இருக்கீங்க. அங்க யாரு இருக்கா?" என்பார் அண்ணி. அண்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒருநாள் முதலாளியின் மகள் வெளியூரிலிருந்து வந்தார். சின்ன வயதில் பொந்துக்கு உள்பக்கம் அண்ணியின் மடியில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்த பெண். அவருக்குத் தலை நரைக்கத் தொடங்கியும் அண்ணிக்கு இன்னமும் 'பாப்பா'தான். இடத்தை விற்கப் போவதாகவும், வாங்குகிறவர்கள் இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போவதாகவும் சொன்னார்.

"ஒரே ஒரு ஷோ போட்டுக் காட்டறேன் பாப்பா. அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணு" என்றார் அண்ணி.

பாப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. "சரிக்கா. வந்தவங்க கடைசிவரைக்கும் உட்கார்ந்து பார்த்தா நான் விக்கல. பாதியில எழுந்து போயிட்டா, நீங்களே உங்க கையால சாவியைக் கொடுத்துடணும்."

அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. பித்தளையைத் தேய்த்த தேய்ப்பில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. தேவதைகளுக்குக்கூட மூக்கு வைத்தார், சற்றே பெரிதாக. எல்லாம் பளிச்சென்று ஆனதும் திரை மட்டும் மஞ்சள் பூத்துப்போய்த் தெரிந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நல்ல வெள்ளைப் பெயின்டாக வாங்கி, தானே ஏறி, ஒரு கோடு தெரியாமல் அடித்து முடித்தார். கண்ணைப் பறித்தது.

ஷோ அன்று காலையில் ஆபரேட்டர் வந்து படத்தை ஓட்டிப் பார்த்தார். படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. ஆனால் பேச்சு? கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாரோ முனகுவது போலிருந்தது. ஆபரேட்டர் எல்லா ஒயரையும் பிடுங்கி மாட்டினார். முனகல் மாறவில்லை. சத்தம் கேட்டுப் பாப்பாவும் உள்ளே வந்துவிட்டார்.

அண்ணி திரைக்குப் பின்னால் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் இதுதான். ஸ்பீக்கர் இருப்பது திரைக்குப் பின்னால். சத்தம் வெளியே வருவதற்காகத் திரை முழுக்க ஊசிமுனை அளவில் ஓட்டைகள் உண்டு. உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. அண்ணிக்கு நன்றாகவே தெரியும். டிக்கெட் கொடுத்து முடித்து வரும்போது உட்கார இடம் இருக்காது என்பதால், பழைய மேடையில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவர் படமே பார்ப்பார். ஓட்டைகள் வழியாகப் படம் இடவலம் மாறித் தெரியும். அவரைக் கேட்டால் எல்லாக் கதாநாயகர்களும் இடக்கைக்காரர்கள்தான். அப்படிப்பட்டவர், அழகு பார்க்கிற ஆசையில், அத்தனை ஓட்டைகளையும் பெயின்ட் பூசி அடைத்துவிட்டார்.

"ஸ்பீக்கர் பழசு, அதான்" என்று ஆபரேட்டர் பெரிய மனசோடு ஆரம்பித்தார்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணி. "நான்தான் பாப்பா கெடுத்துட்டேன். பெயின்ட் அடிச்சு ஓட்டையை அடைச்சுட்டேன்."

நானாக இருந்தால் ஸ்பீக்கர் மேல் பழியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவர் சொல்லிவிட்டு, தலையைக் குனியாமல் நின்றார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

"சாயங்காலம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாப்பா போய்விட்டார்.

நான் தையல் கடைக்காரி. கடைக்கு ஓடி, இருந்த ஊசிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். திரையின் நடுவில், ஸ்பீக்கர் இருக்கும் இடத்துக்கு நேராகச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, அண்ணி, அண்ணன், ஆபரேட்டர், நான் என நால்வரும் குத்த ஆரம்பித்தோம். பின்னால் விளக்கைப் பிடித்தால் அடைபட்ட ஓட்டை லேசாகத் தெரியும். அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அண்ணன், "இதுக்கு வீட்டு ஒழுகலே தேவலை" என்று புலம்பிக்கொண்டே குத்தினான். கைவிரல்கள் மரத்துப் போயின. கூட்டம் வரும் நேரத்துக்குள் ஒரு கதவு அகலத்துக்குத்தான் திறக்க முடிந்தது.

படம் ஆரம்பித்தது. நடுவில் உட்கார்ந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இரண்டு ஓரங்களிலும், "சத்தம் வை!" என்று கத்தல். விசில். அண்ணியும் நானும் பின்சுவரில் சாய்ந்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் இடது ஓரத்தில் ஒரு குடும்பம் எழுந்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தார்கள்.

"போறாங்கடி" என்றார் அண்ணி. என் கையை அவர் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மறு கை இடுப்பில் சொருகியிருந்த சாவியைத் தேடியது.

ஆனால் எழுந்தவர்கள் கதவுப் பக்கம் போகவில்லை. நடுவில் இருந்தவர்களிடம், "கொஞ்சம் நகருங்க, அங்க ஒண்ணும் கேக்கல" என்றார்கள். நடுவில் இருந்தவர்கள் திட்டிக்கொண்டேதான் நகர்ந்தார்கள், ஆனால் நகர்ந்தார்கள். ஒரு நாற்காலியில் இரண்டு பேர், மடியில் யார் வீட்டுப் பிள்ளையோ. இடம் கிடைக்காதவர்கள் நடைபாதையில் சம்மணம் போட்டார்கள். தியேட்டரின் இரண்டு பக்கமும் காலி, நடுவில் எள் விழ இடமில்லை. வலது ஓரத்தில் பாப்பா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரும் எழுந்தார். போட்டிருந்த வெள்ளைக் கால்சட்டையைப் பற்றி யோசிக்காமல், நடைபாதையில் யாரோ ஒரு கிழவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

படம் முடிந்து விளக்கு எரியும்வரை ஒருவரும் வெளியே போகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பாப்பா கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார். அண்ணியின் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"அக்கா, ரெண்டு ஓரத்துலயும் குத்தி முடிக்க எத்தனை நாளாகும்?"

அண்ணி சாவியை மறுபடியும் இடுப்பில் சொருகிக்கொண்டார். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

"நீயும் வந்தா சீக்கிரம் முடிஞ்சிடும் பாப்பா" என்றார்.