எதிலும் நுழையும் மலிவு கனெக்டர்

மக்களே, உங்கள் மட்டாஞ்சேரி மாமன் இன்று காலை எமனை விலை பேசிப் பட்டறைக்கு அழைத்து வந்தேன்.

நம் பட்டறை லேத்தின் கண்ட்ரோல் பெட்டிக்குப் போகும் கனெக்டர்களைக் காயல் காற்று அரித்துவிட்டது. புதிது வாங்கப் போனேன்.

கடைக்காரச் சேட்டன் இரண்டு வகையை எடுத்து வைத்தார். "இது விலை கூடுதலாக்கும். ஒவ்வொண்ணுக்கும் காடி, அதான் உள்ள இருக்கிற பள்ளம், வேற; மாத்திக் குத்தினா நுழையாது. மத்தது மலிவு. எதுலயும் நுழையும்."

"எதுலயும் நுழையுமா? அதுதானே சேட்டா தங்கமான பிள்ளை!" என்று மலிவானதையே அள்ளினேன்.

அவர் விலை கூடியதை இன்னொரு முறை என் பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் பில் போட்டார்.

பட்டறையில் என் திருக்கரங்களாலேயே எல்லாவற்றையும் மாட்டினேன். ஆபரேட்டர் செல்வம் இரும்பைக் கவ்விச் சுழலும் 'சக்' என்ற பிடியைத் துணியால் துடைக்கக் குனிந்தான். அழுக்கைக் கழுவ, குளிர்விக்கும் கூலண்ட் நீருக்கான பொத்தானை அழுத்தினான்.

கூலண்ட் வரவில்லை. சக் சுழன்றது.

அவன் கையிலிருந்த துணியை அது ஒரே வாயில் விழுங்கியது. அந்த உறுமலில் துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் நங்கூரத்தைக் கட்டிப்பிடித்திருக்கும். நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

செல்வம் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். "மொதலாளி, சக் வயரையும் கூலண்ட் வயரையும் மாத்திக் குத்திட்டீங்களா?"

காடி வைத்த கனெக்டரை வாங்கி மாட்டியாகிவிட்டது. ஆனாலும் அவன் இரு கைகளையும் பாக்கெட்டில் புதைத்து, என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

"மொதல்ல நீங்க துடைங்க" என்கிறான்.

மாமனுக்குப் பதிலாகத் துடைக்க வரும் வீரர்கள் கமென்டில் பெயர் கொடுக்கலாம்.