எங்கை போறாய் என்று கேட்காத அண்ணை

சிரித்துக்கொண்டு வேலை தருகிறவர்களை நான் நம்புவதில்லை. அந்தக் குளிர்காலம் சிட்னியிலிருந்து பனிமலைக்கு வேலைக்குப் போனபோதும் எங்கள் சூப்பர்வைசர் பெண் நன்றாகச் சிரித்தாள். தங்க இடம், சாப்பாடு, ஜாக்கெட் எல்லாம் தருகிறோம் என்றாள். இதில் என்னவோ இருக்கிறது என்று அப்போதே வீட்டில் சொன்னேன். "சாமி நேரிலை வந்து வரம் தந்தாலும் நீங்கள் அடையாள அட்டை கேப்பியள்" என்றாள் மனைவி. கேட்பேன்தான். படகில் வந்து, வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் இருப்பவன் கேட்காமல் வேறென்ன செய்வான்?

பனிச்சறுக்க வருகிறவர்கள் அடிவாரத்தில், கம்பியில் தொங்கும் கதிரைகளில் ஏறி உச்சிக்கு வருவார்கள். உச்சியில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் கம்பியைத் திருப்பிக் கீழே அனுப்பும். சக்கரத்தடியில்தான் அவர்கள் இறங்கும் மேடு. இரவு விழுந்த பனியைக் காலையில் அந்த மேட்டிலிருந்து வெட்டி அள்ள வேண்டும், அதுதான் எங்கள் வேலை. சக்கரத்தடிக்குப் போகிறவன் முதலில் இந்தக் கதிரை லிப்டின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, திறப்பைத் தன் பொக்கற்றில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு இருக்கும்வரை எவராலும் லிப்டை ஓடவிட முடியாது. அந்த மலையில் எனக்குப் பிடித்த ஒரே சட்டம் அதுதான். யாரையும் நம்பத் தேவையில்லை.

உச்சியில் இருந்த சின்னக் கொட்டிலில் என்னோடு இன்னொருவர் வேலை செய்தார். அவரும் என்னைப்போல இலங்கையின் வடக்குத்தான், சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருப்பவர், என்னைவிட நன்றாக மூத்தவர். அண்ணை என்று கூப்பிடுவேன். லிப்டை ஓடவிடும் பட்டனைத் தினமும் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் அழுத்துவார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன், "அடுத்த வருடம் இந்தக் கொட்டிலுக்கு ஒரு ஆள்தான்" என்று சூப்பர்வைசர் சொல்லும்வரை.

அன்றிலிருந்து அண்ணையின் போக்குச் சரியில்லை. அவளோடு தனியே நின்று கதைப்பார். நான் கிட்டப் போனால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஒருநாள் தன் புட்டில் பாதியை எனக்கு வைத்தார், கூடவே மாசிச் சம்பல். இவ்வளவு நாளும் வாசத்தை மட்டும் தந்த மனிதர் இன்றைக்கு ஏன் சம்பல் தருகிறார்? ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வாய்க்கும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

"என்ன தம்பி, நஞ்சே வைச்சிருக்கிறன்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும், அவருக்கும் வேண்டும். நான் சக்கரத்தடியில் குனிந்து நிற்கும்போது பட்டனுக்குப் பக்கத்தில் நிற்பவரும் அவர்தான்.

ஒரு காலை, பனி அள்ளி முடித்து என் பூட்டைக் கழற்றிவிட்டேன். தேத்தண்ணி குடிக்கும்போதுதான் பனி அள்ளும் சவளைச் சக்கரத்தடியில் விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. ஒரு சவளை எடுக்க எவன் திரும்பப் பூட்டுப் போடுவான்? எழுந்து சப்பாத்தை மாட்டினேன். கதவடியில் அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கே போகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவர்மேல் இருந்த கடுப்பில் வாய் திறக்க மனம் வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

சவளில் கை வைத்தேன், லிப்ட் ஓடப்போகும் மணி அடித்தது. தலைக்கு மேலே சக்கரம் முனகிக்கொண்டு திரும்பியது. நான் நிமிர முன்னமே ஒரு கதிரை பின்னால் வந்து ஜாக்கெட்டின் தொப்பியில் கொளுவி இழுத்தது. கழுத்து இறுகியது. கால் இரண்டும் பனியில் இழுபட்டன. கத்தினேனா என்றுகூடத் தெரியாது. மேடு முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில் லிப்ட் நின்றது.

அண்ணை லிப்டை நிறுத்திவிட்டு ஓடிவந்து தொப்பியைக் கழற்றிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவர் வயதும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

"என்னைச் சாக்கொல்லவே பாத்தனீங்கள்? நான் வெளிக்கிட்டதைக் கண்டனீங்கள்தானே!"

"கண்டனான் தம்பி. கக்கூசுக்குப் போறாயாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"எங்கை போறாய் எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமெல்லோ!"

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "வெளிக்கிடுற ஆளை ஆரும் எங்கை போறாய் எண்டு கேக்கிறதே? போற காரியம் சரிவருமே தம்பி?"

என் உயிர் போகப் பார்த்திருக்கிறது, இந்த மனிதர் சகுனம் பார்த்திருக்கிறார்! என் அம்மாவும் கடைக்குப் போகிறவனைக்கூடக் கேட்கமாட்டா, அது எனக்குத் தெரியும். ஆனாலும் மனதுக்குள் ஒரு மூலையில் அரித்துக்கொண்டே இருந்தது. நல்ல பொய் என்றால் அதுவும் இப்படித்தானே இருக்கும்.

அடுத்த நாளிலிருந்து அவர் கேட்கத் தொடங்கினார். "முருகா" என்று வாய்க்குள் சொல்லிவிட்டு, "தம்பி, எங்கை போறாய்?" என்பார். சக்கரத்தடிக்கு என்றால், "பூட்டுப் போட்டதே?" என்று எழும்பிவந்து தொட்டுப் பார்ப்பார். கக்கூசுக்குப் போனாலும் கேட்டார், கை கழுவப் போனாலும் கேட்டார். எரிச்சல் தாங்காமல் ஒருநாள் "சிவலோகத்துக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த குளிர்காலம் வேலை எனக்குத்தான் கிடைத்தது. முதல்நாள் கொட்டில் திறப்பைத் தரும்போது சூப்பர்வைசர் சொன்னாள்: "போன வருடம் முழுக்க உன் நண்பர் என்னை விடவில்லை. இங்கே இரண்டு பேர் இல்லாவிட்டால் ஒருநாள் யாராவது சாவார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேலிடம் சம்மதிக்கவில்லை. தனியாள் என்றால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்." அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இதை நம்பினேன், நம்பாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே.

இப்போது கொட்டிலில் நான் மட்டும்தான். பூட்டைப் போட்டு, திறப்பைப் பொக்கற்றில் வைத்து, பொக்கற்றைத் தட்டிப் பார்க்கிறேன். பட்டனடியில் ஆள் இல்லை, சந்தேகப்படவும் ஆள் இல்லை. சக்கரத்தடியில் விழுந்து கிடந்தால் தேடவும் ஆள் இல்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவடியில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை.

"சக்கரத்தடிக்குப் போயிட்டு வாறன்" என்று கொட்டிலில் அண்ணை இருந்த வெறுங் கதிரையைப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.