தனியே கேட்ட கைதட்டு

அண்ணனைக் காற்று கொண்டுபோனது என்று எழுவைதீவில் எல்லோரும் சொன்னார்கள். கொண்டுபோனது பிரெஞ்சு மாஸ்டர் என்று நான் சொன்னேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் சமையல் வேலை செய்துவிட்டு லீவில் வந்த மனிதர் அவர். பிரான்சுக்குப் போக நின்ற பெடியளுக்குத் தன் வீட்டு விறாந்தையில் வகுப்பு வைத்தார். சொல்லைத் துண்டு துண்டாக்கி, துண்டுக்கொரு தரம் கை தட்ட வேண்டும். ‘நாங்கள் பேசுகிறோம்’ என்பதற்கு ‘நூ பார்-லோன்’. பார் ஒரு தட்டு, லோன் ஒரு தட்டு. ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதற்கு ‘இல் பார்ல்’. பார்லுக்கு ஒரே தட்டு. கடைசியில் எழுதிக் கிடக்கும் ‘ent’ என்ற எழுத்துகளுக்குச் சத்தம் இல்லை.

அண்ணனும் நானும் அங்கே போனோம்; ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். எங்களுக்குத் தெரிந்தது தமிழ்; அதில் எழுதிய எழுத்து ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிப்போம். அவன் “பார்-லென்ட்” என்று இரண்டு தட்டுத் தட்டினான். எல்லோரும் நிறுத்திய பிறகு அவனுடைய கை மட்டும் தனியே கேட்டது.

“இன்னொருக்காத் தட்டும், பார்லென்ட்! பாரிஸுக்குக் கேக்கட்டும்,” என்றார் மாஸ்டர். விறாந்தையே சிரித்தது. நானும் அங்கேதான் இருந்தேன்.

அடுத்த நாளே துறையில் அவனுக்குப் பேர் அதுதான். “டேய் பார்லென்ட், மீன் பட்டதோ?”

அண்ணன் வகுப்பை விட்டான். “கடல்லை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடாயினம்,” என்று தனியே தொழிலுக்குப் போகத் தொடங்கினான். ஒரு நாள் சோளகக் காற்று பெலத்து அடித்தது; வள்ளம் மட்டும் திரும்பி வந்தது.

செத்த வீட்டுக்கு மாஸ்டரும் வந்து, கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் துறையில் வள்ளம் கரையேற்றும்போது ஒருவர் அம்பா என்ற இழுவைப் பாட்டைப் பாடுவார். கயிறு பிடித்த எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்லி இழுக்க வேண்டும். ஒரு வாய் மூடியிருந்தாலும் பாடுகிறவர் அடுத்த அடி எடுக்கமாட்டார். முன்பு பாடியவன் அண்ணன். பிறகு நான்.

ஒரு நாள் கடல் கொந்தளித்தது. மாஸ்டர் தன் தம்பிக்கு வாங்கிக் கொடுத்த புது வள்ளம் கல்லில் மோதப் பார்த்தது. “தம்பிமார், ஒருக்காக் கை குடுங்கோ!” என்று ஓடி வந்தார். கயிற்றைப் பிடித்தோம். அவரும் பிடித்தார்.

நான் எடுத்தேன்: “இல் பார்-லென்ட்!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மாஸ்டர் சொல்லவில்லை.

“மாஸ்டர், உங்கடை சத்தம் கேக்கேல்லை.”

“என்ன விளையாட்டுத் தம்பி இது? வள்ளம் உடையப் போகுது!”

“உடையட்டும்.”

அலை பின்பக்கத்தால் ஏறி உள்ளே விழுந்தது. மாஸ்டரின் தம்பி அழத் தொடங்கிவிட்டான். “சொல்லித் துலையன் அண்ணை!”

“பார்லென்ட்,” என்றார் மாஸ்டர்.

“பாரிஸுக்குக் கேக்கேல்லை.”

“பார்-லென்ட்!”

அவருடைய குரல் மட்டும் தனியே கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் இழுத்தேன்.

வள்ளம் மணலில் ஏறியதும் மாஸ்டர் என் கிட்ட வந்தார். அவருடைய உள்ளங்கையில் கயிறு கீறியிருந்தது. “இப்ப மனம் ஆறிச்சோ தம்பி?”

“இல்லை.”

மறுநாள் அவர் கடைக்குப் போகும்போது சின்னப் பெடியள் வேலிக்குப் பின்னால் நின்று “பார்லென்ட் மாஸ்டர்!” என்று கத்தினார்கள். லீவு முடிந்து அவர் போகும்வரைக்கும் கத்தினார்கள். நான் அவர்களைத் தடுக்கவில்லை. ஒருவன் மறந்துபோனால், நான்தான் ஞாபகப்படுத்தினேன்.