ஈய முத்திரையும் எண்ணெய்க் குங்குமமும்

1938-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 15-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். வாய்க்காலில் குளித்துவிட்டு வந்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, முந்தின நாள் டைரியை எழுதி முடித்தேன். நான் முற்றத்துக்கு வந்தபோது மச்சான் தம் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் குந்தியிருந்தார். அது ஓடாத வண்டி. எஞ்சின் இறுகிப்போய்ப் பத்து நாளாகியிருந்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை சங்கிலிக்கு எண்ணெய் விடுகிற நாள் என்பதால் விட்டுக்கொண்டிருந்தார். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, திரும்ப மாட்டினார். பிறகு ஒரு தீப்பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த ஈய முத்திரையை ஒருமுறை பார்த்துவிட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டார். நான் ஆபீசுக்கு லீவு சொல்லியிருந்தேன். மதுரையிலிருந்து கம்பெனி ஆள் வருகிற நாள் அது.

அந்த முத்திரை இதோ, இதை எழுதும்போது என் மேசைமேல் இருக்கிறது. புளியங்கொட்டை அளவுதான். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கொதிக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கொதிப்பு அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

மச்சான் என்று நான் சொல்வது என் அக்காள் கணவரை. காமயகவுண்டன்பட்டியில் அவர்கள் வீட்டோடுதான் நானும் இருந்தேன். அவர் கம்பவுண்டர். குமுளிக்கு மேலே இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் கொய்னாவும் மற்ற மருந்துகளும் கொண்டுபோய், காய்ச்சலில் கிடக்கிற கூலியாட்களைப் பார்த்துவிட்டு வருவார். மாட்டு வண்டியில் போனால் ஒரு தோட்டத்தைப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வண்டி வைத்திருக்கிற கம்பவுண்டர்தான் வேண்டும் என்று தோட்டத்தார் சொன்ன பிறகு, அக்காள் பேரில் இருந்த தென்னந்தோப்பை விற்று அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்கள். மலைமேல் கிடைத்த அந்த வேலைதான் குடும்பத்துக்குச் சோறு.

வண்டியோடு ஒரு வருஷக் காரண்டி கொடுத்தார்கள். எஞ்சினில் பழுது வந்தால் கம்பெனியே தன் செலவில் சரிசெய்து தரும். ஆனால் எஞ்சின் மூடியை வேறு யாரும் திறக்கக்கூடாது. மூடியில் இருந்த எட்டு நட்டுகளையும் கோத்து ஒரு மெல்லிய கம்பி ஓடும். அதன் முனையில் ஈய முத்திரை. பிளக், சங்கிலி, டயர், பெட்ரோல் வடிகட்டி ஆகியவற்றை மட்டும் சொந்தக்காரர் கவனித்துக்கொள்ளலாம். மற்றதற்கெல்லாம், இத்தனை மைலுக்கு ஒருமுறை என்று அவர்கள் வைத்த சோதனைக்கும், மதுரைக்குத்தான் வரவேண்டும். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி மதுரைக்குப் போய்த் திரும்பினால், அடுத்த சோதனைக்கு அவர்கள் குறித்த மைல்களில் பெரும்பகுதி அந்தப் பயணத்திலேயே தீர்ந்துவிடும். இந்த விதியை எழுதியவர் மதுரையைத் தாண்டி மேற்கே ஊர் இருப்பதையே அறியாதவராக இருக்கவேண்டும். மச்சான் ஒரு சோதனையையும் தவறவிட்டதில்லை. மூடிப் பக்கம் துணியைக் கொண்டுபோகும்போதுகூட அவர் கை தயங்கும்.

"ஒங்க அக்காளக் கட்டுன புதுசுலகூடத் தொடுறதுக்கு நான் இம்புட்டு யோசிக்கல மாப்ளே" என்பார்.

"வயசுப் பயகிட்டப் பேசுற பேச்சா இது?" என்று உள்ளிருந்து அக்காள் குரல் வரும்.

கூத்து என்னவென்றால், வண்டியோடு கொடுத்த பையில் அந்த எட்டு நட்டுகளுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிற ஸ்பானர் ஒன்று இருந்தது. அவர்களே கொடுத்தார்கள், தொடாதே என்றும் அவர்களே சொன்னார்கள்.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அரிவாள், மண்வெட்டி, தராசு எல்லாவற்றுக்கும் அன்று பொட்டு உண்டு. சந்தனம் இரும்பில் நிற்காது என்று அக்காள் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து, ஒவ்வொரு நட்டின் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்தாள். கம்பி குறுக்கே ஓடியதால் பொட்டு பாதி நட்டிலும் பாதி மூடியிலுமாக விழுந்தது. எஞ்சின் சூட்டில் எண்ணெய் வெந்து, குங்குமம் சாயம்போல இறுகிவிட்டது. அதற்குப் பிறகு பெய்த ஐப்பசி மழையெல்லாம் அதை அசைக்கவில்லை.

அசைந்தது கம்பெனியின் கம்பிதான். மலைப்பாதை அதிர்ச்சியில் தேய்ந்து அறுந்துபோயிற்று. முத்திரை எஞ்சினுக்கு அடியில் இருந்த தகட்டில் விழுந்து கிடந்தது. மச்சான் அதைப் பத்திரமாக எடுத்துத் தீப்பெட்டியில் வைத்துவிட்டு, அன்றே கம்பெனிக்கு எழுதிப் போட்டார். பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்துக் குமுளி ஏற்றத்தில் எண்ணெய் ஓடாமல் எஞ்சின் இறுகி நின்றது. மாட்டு வண்டியில் ஏற்றித்தான் ஊருக்குக் கொண்டுவந்தோம். "என்ன கம்பவுண்டரே, வண்டிக்கே வண்டியா?" என்று வழியெல்லாம் கேட்டார்கள். மச்சானும் சிரித்தார். ஆனால் மாதக் கடைசிக்குள் வண்டி ஓடாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று தோட்டத்திலிருந்து சொல்லியனுப்பியது எனக்குத் தெரியும்.

எஞ்சின் நின்றதை மறுபடி எழுதிப் போட்ட பிறகுதான் கம்பெனி ஆளை அனுப்பியது. அன்று பத்தரை மணி பஸ்ஸில் அவர் வந்தார். காக்கிக் கால்சட்டை, தோல் பை. அக்காள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்களே ஸார்."

மச்சான் முகம் மலர்ந்தது. "புஸ்தகத்துல போட்டபடி செஞ்சிருக்கேன். கூடவும் இல்ல, கொறச்சலும் இல்ல."

"அதுதான் சந்தேகமா இருக்கு. வெளியே இவ்வளவு துடைக்கிறவர் உள்ளே கை வைக்காம இருந்திருப்பாரா? சரி, முத்திரை எங்கே?"

மச்சான் தீப்பெட்டியைத் திறந்து நீட்டினார். அறுந்த விதத்தையும் எழுதிப் போட்டதையும் சொன்னார்.

"கையில இருக்கிற முத்திரை செல்லாது ஸார். வண்டியில இருக்கணும்."

அறுந்து தேய்ந்த முனையைப் பாருங்கள் என்று நான் சொன்னேன். அவர் பார்க்கவில்லை. அப்போது அக்காள் நிலைவாசலைத் தாண்டி வந்தாள்.

"தம்பி, அவுகள இங்கன வந்து பாக்கச் சொல்லு. இது பூசைக்கு நான் வச்ச பொட்டு. நட்டுல பாதி, மூடியில பாதி. முத்திர விழுறதுக்கு முந்தியே வச்சது. நட்டத் திருகியிருந்தா பொட்டு ரெண்டாப் பிரிஞ்சிருக்காதா? எட்டும் வச்சது வச்சபடி இருக்கு. கண்ணு இருக்குல்ல, பாக்கச் சொல்லு."

எனக்கே அதுவரை அது தோன்றவில்லை. ஈயமும் கம்பியும் செய்யத் தவறிய வேலையை எண்ணெய்க் குங்குமம் செய்திருந்தது. அந்த ஆள் குனிந்தார். ஒவ்வொரு நட்டாக, நிதானமாகப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அதை அவர் முகத்தில் பார்த்தேன், சத்தியமாகச் சொல்வேன். பிறகு நிமிர்ந்து, தோல் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, பெட்ரோலில் நனைத்தார்.

"அழுக்கா இருந்தா நட்டு சரியாத் தெரியாதும்மா" என்று சொல்லிக்கொண்டே துடைத்தார்.

நாங்கள் சுதாரிப்பதற்குள் எட்டும் போய்விட்டன.

"ஏலே! பொட்டையா அழிக்கிற?" அக்காள் போட்ட சத்தத்தில் தெருவே வந்து நின்றது. "நான் தாலியோட நிக்கிறேன். எம் புருசன் பக்கத்துல நிக்காக. எங்க வாசல்ல வந்து பொட்ட அழிக்கிறியே, ஒனக்கு ஆத்தா இல்லையா, கூடப்பிறந்தவ இல்லையா?"

"மெஷினுக்கு ஏதும்மா பொட்டு?" என்றார் அவர். முத்திரை இல்லை, திறந்த அடையாளம் உண்டு, காரண்டி ரத்து என்று எழுதி நீட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

ஒரு மனிதன் ஒன்றைப் பார்க்கத் தவறினால் மன்னிக்கலாம். பார்த்துப் புரிந்துகொண்டு, அதற்குப் பிறகு துடைத்தவனை என்ன செய்வது? வண்டியை நாயாக அலைக்கழித்து, சேறும் சகதியுமாக வைத்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்களோ என்னவோ. ஒழுங்காகப் பேணியவன்தான் அவர்களுக்குத் திருடனாகத் தெரிந்தான். நான் மூன்று கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் விதி இன்னது என்று அச்சடித்த பதிலே வந்தது. பிற்பாடு கம்பத்து பஸ் பட்டறையில் விசாரித்தேன். எண்ணெய் பம்புக்குள் ஒரு சிறு ஆணி ஒடிந்திருந்ததுதான் பழுது. கம்பெனிக்கு அது ஒரு மணி நேர வேலை என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தத்தான் என் அக்காள் கண்ணெதிரே பொட்டை அழித்தார்கள்.

வேறு ஆணி போட்டு, மாதக் கடைசிக்கு முன்பே மச்சான் மலையேறிவிட்டார். வேலை நிலைத்தது. அதே வண்டி இன்றும் ஓடுகிறது. மூடியை அவர் எத்தனை முறை திறந்து பூட்டியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. போன மாதம் என் ஆபீஸ் நண்பர் ஒருவர் புது மோட்டார் சைக்கிள் வாங்கிவந்து, அதன் முத்திரையைப் பெருமையோடு காட்டினார். நான் இந்த ஈயத் துண்டை எடுத்து அவர் கையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மச்சான் தீப்பெட்டியை என்னிடம் தந்து, "நீயே வச்சுக்க மாப்ளே, இனி இது எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் புதன்கிழமை. விடிந்ததும் முதல் காரியமாக அக்காள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலோடு வந்து, கிண்ணத்தில் குங்குமம் குழைத்து எட்டு நட்டுகளுக்கும் பொட்டு வைத்தாள். அவள் வைத்து முடிக்கும்வரை மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு பையிலிருந்து, அதுவரை ஒருநாளும் எடுக்காத அந்த ஸ்பானரை எடுத்து, முதல் நட்டில் மாட்டித் திருகினார். பொட்டில் பாதி நட்டோடு திரும்பியது. பாதி மூடியிலேயே நின்றது.