இரண்டு மாதம் சேர்த்துக் கட்டும் சூசை

என் கணவர் சூசை எதையும் ஒற்றையாகச் செய்யமாட்டார். பாசாருக்குப் போனால் இரண்டு வாரத்து மீனை வாங்கி வந்து ஐஸ்பெட்டியை அடைத்துவிடுவார். தேய்க்க உட்கார்ந்தால் பதினான்கு சட்டை. எங்கள் கல்யாணத்தையே அவருடைய தங்கை கல்யாணத்தோடு சேர்த்து ஒரே பூசையில் முடித்தார்கள். அந்த யோசனையும் இவருடையதுதான். என் பிறந்தநாள் ஜனவரி பன்னிரண்டு, கல்யாண நாள் பிப்ரவரி இரண்டு. பதினெட்டு வருடமாக இரண்டுக்கும் சேர்த்து பிப்ரவரியில் ஒரே கேக்.

“ஒரு நடை மிச்சம் லா, பிலோமி” என்பார்.

அவர் மிச்சம் பிடித்த நடைகளையெல்லாம் சேர்த்தால் ஆயர் ஈத்தாமிலிருந்து ஈப்போவுக்கே நடந்து போயிருக்கலாம்.

மற்றபடி குறை சொல்ல முடியாத மனிதர். ஜார்ஜ்டவுனில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். ஏழு மணிப் பூசைக்கு ஆறரைக்கே போய்க் கோயில் கதவு திறக்கக் காத்திருப்பார். யாரிடமும் பத்து வெள்ளி கைமாற்று வாங்கியதில்லை. கார் கடன் ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஒழுங்காகக் கட்டுகிறார் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஜூன் மாதம் எங்கள் வீட்டின் சொந்தக்காரர் ஹமீதா அக்கா வந்தார். ஆயர் ஈத்தாமில் பதினாறு வருடமாக நாங்கள் வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடி வீடு அவருடையது.

“கெப்பாலா பத்தாஸ்ல மகளோட போயி இருக்கப் போறேன். இந்த வீட்ட விக்கணும். மொதல்ல உங்களத்தான் கேக்குறேன், தம்பி. ஜனவரிக்குள்ள முடிஞ்சா போதும்.”

அந்தச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மகள் கிறிஸ்டல் பிறந்ததும் அந்த வீட்டில்தான், வளர்ந்து என்னோடு சண்டை போடக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். வேறு வீட்டை நினைத்துப் பார்க்கவே எனக்கு மனமில்லை. முன்பணத்துக்குச் சேமிப்பு இருந்தது. மீதிக்கு வங்கிக் கடன் கிடைத்தால் வீடு எங்களுடையது.

சூசை தலையைச் சீவிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வங்கிக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். அங்கே பிரியந்தி என்ற பெண் எங்கள் மனுவைப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், நல்ல பொறுமை. கணினியைப் பார்த்தாள், சூசையைப் பார்த்தாள், மறுபடியும் கணினியைப் பார்த்தாள்.

“அண்ணே, காடி லோன் எப்படிக் கட்டுறீங்க?”

“கரெக்டா கட்டிடுவேன் மா. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, சேர்த்து. லேட் சார்ஜும் குடுத்துடுவேன். ஒரு காசு பாக்கி கிடையாது.”

அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மத்திய வங்கியில் எல்லாருடைய கடன் விவரமும் இருக்கிறதாம். மாதத்துக்கு ஒரு கட்டமாகக் கடைசிப் பன்னிரண்டு மாதமும் அதில் தெரியும். தவணை பாக்கி இல்லையென்றால் சைபர், ஒரு மாதம் பாக்கி என்றால் ஒன்று. சூசையின் வரிசையில் ஒன்று, சைபர், ஒன்று, சைபர் என்று அழகாகக் கோலம் போட்டிருந்தது.

“நான்தான் அடுத்த மாசமே கட்டிட்டேனே!”

“கட்டினதுனாலதான் அடுத்த கட்டத்துல சைபர் வந்திருக்கு. ஆனா அந்த ஒன்னு அழியாதுண்ணே. லேட் சார்ஜ் குடுத்தாலும் அழியாது. பன்னெண்டு மாசம் தாண்டினாத்தான் அது பின்னால போயி மறையும். இத பாக்குற பேங்கு, வருஷத்துல ஆறு தடவ இவரு தவறிட்டாருன்னுதான் நினைக்கும்.”

“அப்ப என்ன பிளாக்லிஸ்ட் பண்ணிட்டாங்களா?”

“அப்படி ஒரு லிஸ்டே இல்ல. நடந்தது மட்டும்தான் இதுல இருக்கு. முடிவு பண்றது அந்தந்த பேங்கு. இப்ப மனு போட்டா ரிஜெக்ட் ஆகும். ஆறு மாசம் சுத்தமா கட்டிட்டு டிசம்பர்ல வாங்க. கட்டாயம் கெடைக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா வழி இருக்கு.”

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். நடுத்தெருவென்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு நடையை மிச்சம் பிடிக்கப் போய் வீட்டையே தொலைக்கப் பார்த்தீர்களே என்று கத்தினேன்.

அன்று மாலையே சூசை ஹமீதா அக்காவிடம் போய் இருப்பதை இருக்கிறபடி சொன்னார். அக்காவுக்கு அதற்குள் வேறொருவர் ஐயாயிரம் வெள்ளி கூடத் தருவதாகச் சொல்லியிருந்தார். நான் ஜெபமாலையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றேன்.

“எனக்கும் நீங்க ரெண்டு மாசம் சேர்த்துத்தானே குடுப்பீங்க, தம்பி?” என்றார் அக்கா. “ஆனா முன்கூட்டியே குடுத்துடுவீங்க. பதினாறு வருஷத்துல நான் ஒரு நாளு வாயத் திறந்து வாடக கேட்டதில்ல. ஜனவரி வரைக்கும் காத்திருக்கேன், போங்க.”

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: “ஏங்க, அக்காவுக்கு முன்னாடியே குடுக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, பேங்குக்கு மட்டும் ஏன் பின்னாடி?”

“பேங்கு என்ன ஹமீதா அக்காவா? அது பாட்டுக்கு இருக்கும்னு நினைச்சேன்” என்றார் பாவமாக. கோபம் போய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கிறிஸ்டல் அவர் கைப்பேசியில் வங்கிச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். சம்பளத்திலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு செய்யலாம் என்றாள். “வேணாம், தப்பு பண்ணவன் நான், நானே கட்டுறேன்” என்றார். பதினைந்தாம் தேதி கெடு. ஐந்தாம் தேதியிலிருந்தே வீட்டில் பரீட்சைக் காய்ச்சல்தான். கட்டியதும் ரசீதை எனக்கும் மகளுக்கும் அனுப்பிவிட்டு, வந்ததா என்று போனும் செய்வார்.

அக்டோபரில் மட்டும் அவர் கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போய் கெடுவன்றுதான் வந்தது. அன்று பார்த்து ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டார். போன் எடுக்கவில்லை. கையிலிருந்த சீட்டுப் பணத்தை வங்கிக்கு எடுத்துக்கொண்டு ஓடி நானே கட்டிவிட்டேன். குழியிலிருந்து கிரீசும் வியர்வையுமாக மேலே வந்தவர், நான் அனுப்பிய செய்தியைப் பார்க்காமல் அவரும் கட்டிவிட்டார். ஆக மறுபடியும் இரண்டு மாதம் சேர்த்தாகிவிட்டது. ஆனால் இந்த முறை முன்பக்கமாக!

டிசம்பரில் வங்கியில் அந்தக் கடன் அறிக்கையை மறுபடி எடுத்தார்கள். பழைய ஒன்றுகள் மூன்று, வரிசையின் ஓரத்தில் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஆறு சைபர். பரீட்சைத்தாளில் சைபர் வாங்கியதற்கு அப்பாவிடம் அடி வாங்கியவர், அந்த ஆறு சைபரையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

ஜனவரி ஒன்பதாம் தேதி பிரியந்தி அழைத்தாள். கடன் கிடைத்துவிட்டது. செய்தி கேட்டு வந்த ஹமீதா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். சூசை, ஜன்னல் கொக்கியைச் சரிசெய்ய வேண்டும் என்று எதற்கோ சம்பந்தமில்லாமல் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று நாள் கழித்துக் காலையில் எழுந்து வந்தால், சமையலறை மேசைமேல் கேக் இருந்தது. என் பெயர் எழுதியிருந்தது. தேதி பன்னிரண்டு. எங்களுக்குக் கல்யாணமாகி முதல்முறையாக, என் பிறந்தநாளன்றே எனக்கு ஒரு கேக்.

“அப்ப கல்யாண நாளுக்கு?” என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சூசை சட்டைப்பையிலிருந்து கடை ரசீதை எடுத்து நீட்டினார். இரண்டு கேக். இரண்டாவதற்குத் தேதி பிப்ரவரி இரண்டு. முழுப் பணமும் கட்டியாகிவிட்டது.

“ரெண்டையும் சேர்த்து ஆர்டர் குடுத்துட்டேன் லா” என்றார். “ஒரு நடை மிச்சம்.”