உள்மடிப்புத் துணி

வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்வியபடியே, வந்தவரின் இடுப்பை ஒரு பார்வை பார்த்து, "எவ்வளவு விடணும்?" என்று கேட்கிறார் டேப்பக்கா. கழுத்தை விட்டு இறங்காத, அளவெடுக்கும் டேப்பால் வந்த பெயர். பிரித்துத் தைப்பதுதான் பிழைப்பு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இடுப்பைப் பெரிதாக்க வேண்டும். "துணி சுருங்கிடுச்சுக்கா" என்பார்கள். "ஆமாமா, துணிதான் பொரிச்ச கோழி தின்னுச்சு" என்பார் அக்கா. ஆனால் உள்மடிப்பில் மிஞ்சும் துணியை மட்டும் ஒருநாளும் வெட்ட மாட்டார். "வெட்டினா போச்சு. நாளைக்கு வேணும்னா எங்க போவ?"

சுவருக்கு அந்தப் பக்கம் கோழி பொரிக்கும் கடை. அதன் குளிர்பெட்டிகள் கக்கும் சூடெல்லாம் இவர் அறைக்குள்தான் வருகிறது. வெளியே வெயில், போன வருஷத்தைவிடக் கொடுமை. பார்சல் டப்பாக்கள் அடைத்துச் சாக்கடை தெருவில் நிற்கிறது. அந்தி சாய்ந்தால் அடுப்புப் பக்கம் போகத் தெம்பில்லாமல், அதே கடைப் பொட்டலத்தைத்தான் அவரும் பிரிக்கிறார். "திட்டிக்கிட்டே திங்கறவ நான் ஒருத்திதான்."

கணவர் இப்படிப்பட்ட கடைகளுக்கு உறைந்த கோழி ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறார். குளிர் குறைந்துவிடக் கூடாதென்று, வண்டியை நிறுத்தினாலும் எஞ்சினை அணைப்பதில்லை. நாள் முழுக்கப் புகை. "செத்த கோழிக்கு ஏசி, எனக்கு வெயில்" என்பார். தாகத்துக்குக் கலர் பாட்டில், பசிக்கு வழியில் கிடைத்த பொட்டலம். அவருடைய பேண்டைப் பிரித்துப் பிரித்தே அக்காவுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

நேற்று மத்தியானம் அந்தப் பேண்டை மேஜையில் போட்டார். "இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் குடு. இளைச்சுட்டேன், பாத்தியா!" புது மாப்பிள்ளை போல நின்றார். கையில் பாதி காலியான பாட்டில்.

அக்கா அந்தப் பாட்டிலைப் பார்த்தார். சாப்பாட்டைக் குறைக்காமல் இளைத்து வந்தவர்களை அவருக்குத் தெரியும். சர்க்கரை முற்றிப்போய், அதில் ஒருவருக்குக் காலையே எடுத்துவிட்டார்கள்.

"ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?"

"தாகத்துக்குக் குடிக்கிறேன், எந்திரிக்கிறேன். இதெல்லாமா எண்ணுவாங்க?"

"நாளைக்குக் காலையில சர்க்கரை பார்க்க ரத்தம் குடுத்துட்டு அப்புறம் லாரியைத் தொடுங்க."

அவர் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷின் பக்கம் போகாமல் ஊசியை எடுத்து, அவர் உடம்பு தேறியதும் ஒரே இழுப்பில் பிரிந்துவிடும்படி, பெரிய பெரிய தையலாகக் கையாலேயே ஓட்டினார். பிடித்த துணி முழுவதையும் உள்ளே மடித்து, விரலால் மெல்ல நீவிவிட்டார்.